அறமா, வணிகமா?



பங்குனி, சித்திரை மாதங்களில் பாலக்காட்டுப் பகுதியில் வெயில் கடுமையாக இருக்கும். சில நாள்களில் வெப்பநிலை 40 பாகையைத் தொடும். அந்நாள்களில் நல்லேப்பிள்ளிச் சாலையோரம் ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்தால், வழிப்போக்கர்க்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. பானையில் நீர்மோர் இருக்கும். மலையாளம் பேசுவோர் அதனைச் சம்பாரம் என்பர். இரு பெயர்களும் உங்களுக்குத் தெரியும்.

மோர் ஊற்றும் பெரியவரிடம், “ஏன் ஐயா இவ்வேலையைச் செய்கிறீர்கள்?” என்று கேட்டால், “புண்ணியம் உண்டு” என்பார். “சாமிக்கு நேர்ந்துகொண்டேன்” என்பார் மற்றொருவர். வகுப்பில் ஒரு நாள் இதைச் சொன்னபோது மாணவி ஒருத்தி எழுந்தாள். “புண்ணியத்துக்காகக் கொடுத்தால் அவர் தமக்காகத்தானே கொடுக்கிறார்? அது எப்படித் தன்னலமற்ற தொண்டு ஆகும்?” என்று கேட்டாள்.

இக்கேள்வி சங்கப் புலவர் ஒருவரையும் தொட்டிருக்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனும் பொதிகை மலைப் பகுதியை ஆண்டவனுமாகிய ஆய் அண்டிரனை, உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடினார். புறநானூற்றின் 134-ஆம் பாடல் அது. இப்பிறவியில் கொடுத்தது அடுத்த பிறவியில் திரும்பி வரும் என்று எண்ணிக் கொடுப்பவன் அறத்தை விற்கும் வணிகன். ஆய் அத்தகையவன் அல்லன் என்கிறார் புலவர். பின் ஏன் கொடுத்தான்? சான்றோர் நடந்த வழி அது என்பதால் கொடுத்தான்.

இங்கே சற்று நிற்க வேண்டும். மறுமைப் பயனை நாடாத ஆயும் வெறுங்கையோடு போகவில்லை. புலவர் பாட்டில் புகழ் பெற்றான். அவன் கேட்டுப் பெறாத புகழ் அது என்று நாம் அவனுக்காக வாதாடலாம். ஆயினும், கொடுப்பவர் நெஞ்சில் தன்னலத்தின் ஒரு துளியும் இருத்தலாகாது என்று தேடத் தொடங்கினால், வள்ளல்களின் வரிசையில் எவரும் மிஞ்சமாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

திருவள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற்குறளில் ‘குறியெதிர்ப்பை’ என்னும் அரிய சொல்லை ஆள்கிறார். அண்டை வீட்டில் ஒரு படி அரிசி வாங்கிப் பின்னர் அதே படியால் அளந்து திருப்பித் தருவது குறியெதிர்ப்பை. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை இத்தகைய கைம்மாற்று என்பது அவர் கருத்து. கொடுப்பதால் மேலுலகம் வாய்க்காது என்றாலும் கொடுப்பதே நன்று என்கிறது அடுத்த குறள். ஆனால் நான்கு குறள் தள்ளி, ஏழையின் பசியைத் தீர்ப்பதையே பொருளைச் சேமித்து வைக்கும் இடம் என்கிறார் அவர். வணிகத்தை விலக்கியவரே சேமிப்பைப் பற்றியும் பேசுகிறார்!

இனி வடலூருக்குச் செல்வோம். வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் 1867 மே 23-ஆம் நாள் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஊரார் நிலம் கொடுத்தனர். சாதி, சமயம் பாராமல் பசித்தவர் எவர்க்கும் சோறு என்பது அச்சாலையின் முறை. அன்று அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

அவர் எழுதிய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலில், உயிர்களிடம் இரங்குவதே வீடுபேற்றின் திறவுகோல் என்று கூறுகிறார். பசி தீர்ப்பவர்க்குத் தீராத நோயும் தீரும், பிள்ளைப்பேறு வாய்க்கும், ஆயுள் நீளும் என்றும் எழுதுகிறார். முடமோசியார் இதைப் படித்திருந்தால் வணிகம் என்றிருப்பாரோ? முதலில் எனக்கும் அந்த ஐயம் எழுந்தது. ஆனால் அதே நூலில், பசி முற்றிய ஒருவரின் உடல் என்னவாகிறது என்று அவர் எழுதிய பகுதியைப் படித்துப் பாருங்கள். கண் குழிகிறது, காது அடைக்கிறது, நா உலர்கிறது, அறிவு மயங்குகிறது. உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டே போகிறார். பசித்தவரை இவ்வளவு அருகிலிருந்து உற்று நோக்கியவரின் கண், தம் புண்ணியக் கணக்கின்மீது இருந்திருக்க முடியாது. பயன்களைக் கூறியது, கொடுக்கத் தயங்கி நிற்போரை அடுப்பருகே அழைத்து வருவதற்காக என்றே நான் கருதுகிறேன்.

சமயப் பற்று உள்ளவரே மிகுதியாக உதவுவர் என்று எண்ணிவிடவும் வேண்டாம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து நடத்திய ஆய்வொன்று 1973-இல் வெளியாயிற்று. வேறொரு கட்டடத்திற்குச் சென்று பேசுமாறு அவர்களை அனுப்பினர். வழியில் இருமியும் முனகியும் ஒருவர் சாய்ந்து கிடப்பதுபோல் நடித்தார். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களுள் நூற்றுக்குப் பத்துப் பேரே உதவினர். நேரம் மிகுந்திருந்தவர்களுள் நூற்றுக்கு 63 பேர் உதவினர். சிலர் பேசச் சென்ற பொருளே, விழுந்து கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிய விவிலியக் கதை! அதுவும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அவர்கள் எந்நோக்கத்தால் சமயத்தில் ஈடுபட்டனர் என்பதைக் கொண்டு, நிற்பவர் யார், கடந்து போகிறவர் யார் என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலவில்லை. நின்றவர்களிடையே வேறொரு வேற்றுமை தெரிந்தது. சிலர் அம்மனிதர் சொன்னதைக் கேட்டு அதற்கேற்ப நடந்துகொண்டனர். வேறு சிலரோ அவர் “போதும்” என்ற பின்னும் தாம் நினைத்த உதவியையே வற்புறுத்தினர்.

மீண்டும் பந்தலுக்கு வருவோம். சாதி பார்த்து, சிலர்க்கு மட்டும் தூர நின்று கையில் நீர் ஊற்றிய வழக்கம் நம் நாட்டில் இருந்தது. அவ்வாறு ஊற்றியவரும் புண்ணியம் என்றே சொன்னார். வந்தவர் யார் என்று கேளாமல் குவளையை நீட்டும் பெரியவரும் புண்ணியம் என்றே சொல்கிறார். சொல் ஒன்றுதான். முன்னவர் பார்த்தது சாதியை. பின்னவர் பார்ப்பது வறண்ட உதட்டை.

இவ்வளவும் சொன்ன பிறகும் அம்மாணவி அமரவில்லை. “புண்ணியம் என்று ஒன்று இல்லை என்று தெரிந்தால் அந்தப் பெரியவர் நாளைக்கும் மோர் ஊற்றுவாரா?” என்றாள். அதை அவரிடந்தான் கேட்க வேண்டும் என்றேன்.

பயிற்சி

1. ‘குறியெதிர்ப்பை’ என்னும் சொல்லை உங்கள் வீட்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விளக்குக.

2. உங்கள் ஊரில் அன்னதானமோ நோன்புக்கஞ்சியோ நீர்மோரோ வழங்கும் ஒருவரைச் சந்தித்து, மாணவி கேட்ட கடைசிக் கேள்வியை மரியாதையோடு கேளுங்கள். அவர் கூறிய விடையை அவருடைய சொற்களிலேயே எழுதி வருக.