பால்பல் விழவில்லை, முகம் கோணுமா?

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. கீழ்த்தாடையில் இரண்டு பால்பற்களுக்கு அடியில் நிரந்தரப் பற்களே இல்லை என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்கிறார்கள். முகம் கோணிவிடுமா?
- ஒரு தாய், தக்கலை

பதில்: கோணாது அம்மா, பயப்படாதீர்கள். ஞானப்பல்லை விட்டுக் கணக்கிட்டாலும், நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு ஏதாவதொரு நிரந்தரப் பல் பிறவியிலேயே உருவாவதில்லை. எம்எஸ்எக்ஸ்1, பாக்ஸ்9 போன்ற மரபணுக்களில் நேரும் மாற்றம் இதற்கு முக்கியக் காரணம். உங்கள் வளர்ப்பில் குறையில்லை.

ஒன்றிரண்டு பல் இல்லாததால் முகவளர்ச்சி பெரிதாக மாறுவதில்லை. பல் முளைக்கும்போதுதான் அதைத் தாங்கும் எலும்பும் வளர்கிறது. ஆகவே, 6 பற்களோ அதற்கு மேலோ இல்லாதவர்களுக்கு மேல்தாடை பின்தங்கி, முகத்தின் கீழ்ப்பகுதி உயரம் குறையலாம்.

பால்பல் உறுதியாக இருந்தால் பிடுங்க அவசரப்படாதீர்கள். பல ஆண்டுகள் உழைக்கும். வளர்ச்சி முடியும் முன் இம்ப்ளாண்ட் வேண்டாம். அது எலும்போடு ஒட்டி நின்றுவிடும். பக்கத்துப் பற்கள் வளர வளர அது மட்டும் தாழ்ந்து தெரியும்.

குலசேகரம் ஸ்ரீ மூகாம்பிகா பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். பல்சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இது குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால், தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.