வால்வு நல்லாத்தான் இருந்தது

ஞாயிற்றுக்கிழமை தொழில் வகுப்பில் போன மாதம் ஒரு தம்பி கேட்டான். "அண்ணே, இந்த ஈஜிஆர் வால்வுக்கு ஒரு தகடு வெட்டி வச்சு அடைச்சிட்டா என்ன? எங்க அண்ணன் பிக்அப்புல அப்படித்தான் அடைச்சாரு. வண்டி நல்லாத்தான் ஓடுது."

நல்ல கேள்வி. பட்டறையில் நின்ன ஆரம்ப வருஷங்கள்ல நானே எத்தனையோ தகடு வெட்டியிருக்கேன். அதனால அவனைத் திட்ட எனக்கு வாய் வரல. ஆனா பதில் சொல்ல ஒரு மணி நேரம் ஆச்சு. அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல்ல, எக்ஸாஸ்ட் புகையை எதுக்குத் திரும்பவும் இன்ஜினுக்குள் விடுகிறார்கள்? நாம் மூச்சு விடும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். நைட்ரஜன் சாதாரணமாக யார் வம்புக்கும் போகாது. ஆனால் சிலிண்டருக்குள் எரியும் இடத்தில் வெப்பம் சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதுவும் ஆக்சிஜனோடு சேர ஆரம்பித்துவிடும். வெப்பம் ஏற ஏற அந்தச் சேர்க்கை வேகமாகக் கூடும். அப்படிப் பிறப்பதுதான் நைட்ரஜன் ஆக்சைடுகள். வெளியே வந்து வெயிலில் ஓசோனை உண்டாக்கும். நுரையீரலை அரிக்கும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை முதலில் பிடிக்கும்.

இந்த வெப்பத்தை அடக்கத்தான் எரிந்த புகையில் கொஞ்சத்தை எடுத்து, கூலண்ட் ஓடும் கூலர் வழியாக ஆறவைத்து, உள்ளே போகும் காற்றோடு கலக்கிறார்கள். விறகடுப்பில் சாம்பலைத் தூவினால் நெருப்பு அணையாது, ஆனால் அடங்கும் இல்லையா? அது மாதிரி. எரிந்து முடிந்த புகையில் இருக்கும் கரியமில வாயுவும் நீராவியும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அதோடு அவை இடம் பிடிப்பதால் சிலிண்டருக்குள் ஆக்சிஜனும் குறையும். 1970களின் தொடக்கத்திலேயே அமெரிக்கக் கார்களில் இது வந்துவிட்டது. அப்போது வால்வைத் திறந்தது இன்ஜினின் உறிஞ்சு விசை. இப்போது மின்மோட்டார் திறக்கிறது, கம்ப்யூட்டர் கட்டளை போடுகிறது.

எவ்வளவு விடுவது என்பதுதான் கஷ்டமான பகுதி. டீசல் இன்ஜின் சும்மா நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் உள்ளே காற்று தேவைக்கு மேல் இருக்கும். அப்போது பாதி அளவுக்குக்கூட புகையைக் கலக்கலாம். கேமரன் மலை மேட்டில் சுமையோடு ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்கும்போது ஒவ்வொரு துளி ஆக்சிஜனும் வேண்டும், வால்வு மூட வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போதும் அநேகமாக மூடியிருக்கும். பெட்ரோல் இன்ஜின் இன்னும் கறார். சும்மா நிற்கும்போது புகை கலந்தால் தீ சரியாகப் பிடிக்காமல் குலுங்கும். டீசலில் அளவு மீறினால் குலுங்குவதைவிட கரும்புகை தள்ளும். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தால் கரி கூடுகிறது, கரியைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு கூடுகிறது. இந்த இழுபறிக்கு நடுவில் ஒரு இடத்தைப் பிடிப்பதுதான் கம்ப்யூட்டரின் வேலை, அதுவும் ஒவ்வொரு நொடியும்.

இப்போ ஒரு கேள்வி. எவ்வளவு புகை உள்ளே போகுதுன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? வகுப்பில் எல்லோரும் "அதுக்கு ஒரு சென்சார் இருக்கும்" என்றார்கள். நம்ம ஊர் ரோட்டில் ஓடும் பெரும்பாலான டீசல் வேன்களில் புகையை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. புது காற்றை அளக்கும் சென்சார்தான் உண்டு, ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில்.

தே தாரிக் கிளாஸை நினைச்சுக்குங்க. கிளாஸின் அளவு மாறாது. எவ்வளவு தேயிலைச் சாயம் ஊற்றினோம் என்று மட்டும் அளந்தால் போதும், மிச்சம் பால் என்று தெரிந்துவிடும். சிலிண்டரும் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் உறிஞ்சும். புது காற்று குறைந்தால் அந்த இடத்தில் புகை வந்திருக்கிறது என்று பொருள். இந்த வேகத்துக்கு, இந்தச் சுமைக்கு இவ்வளவு புது காற்று வர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு இருக்கும். வருவது அதைவிட அதிகமென்றால் வால்வை இன்னும் திறக்கும். குறைவென்றால் மூடும். அவ்வளவுதான் ஈஜிஆர் கட்டுப்பாடு. இதைப் புரிஞ்சுக்காமத்தான் நான் ஒருத்தருக்குத் தப்பு பண்ணினேன்.

ஸ்கூல் வேன் ஓட்டுற அக்கா ஒருவர் வண்டியைக் கொண்டு வந்தார். 2,500 சிசி டீசல், நாலு சிலிண்டர். "தம்பி, மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது, லைட்டும் எரியுது, பாருப்பா." ஸ்கேனரை மாட்டினேன். பி0402, அதாவது ஈஜிஆர் ஓட்டம் அளவுக்கு மேல். வால்வு திறந்தபடியே மாட்டிக்கிச்சுன்னு முடிவு கட்டிட்டேன். புது வால்வு 900 வெள்ளி. பிள்ளைகளை ஏற்றிப்போய்ச் சேர்த்த காசு, எண்ணிக் கொடுத்தார். மூணு நாள்ல அதே லைட், அதே இழுவை இல்லாமை.

அன்னைக்குத்தான் உட்கார்ந்து யோசிச்சேன். வால்வு உண்மையிலேயே திறந்தபடி மாட்டியிருந்தால் மேட்டில் மிதிக்கும்போது கரும்புகை தள்ளியிருக்க வேண்டுமே? அக்கா வண்டியின் எக்ஸாஸ்ட் வாய் சுத்தமா இருந்தது. முதல் நாளே அது என் கண் முன்னாலதான் இருந்தது.

பிறகு ஒரு கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க, அஞ்சாம் வகுப்புக் கணக்குதான். 2,500 சிசியை நாலால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 625 சிசி. நம்ம ஊர் வெக்கையில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.15 கிராம். அப்படியானால் 625 சிசிக்கு சுமார் 720 மில்லிகிராம். உள்ளே போகும் வழியில் காற்று சூடாகும், சிலிண்டரும் முழுசா நிறையாது. வால்வை மூடி, வண்டியை நியூட்ரலில் சும்மா ஓடவிட்டால் சுமார் 600 காட்ட வேண்டும். ஸ்கேனர் வழியா வால்வை மூடச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். 400தான் காட்டியது. சந்தேகத்துக்கு வால்வின் வாயில் தற்காலிகமாக ஒரு தகட்டை வைத்து இறுக்கிப் பார்த்தேன். அப்பவும் 400. புகை வர வழியே இல்லை, ஆனாலும் காற்று குறைவு என்கிறது. அப்போ பொய் சொல்வது வால்வு இல்லை, காற்றை அளக்கும் சென்சார்.

கழற்றிப் பார்த்தால் எண்ணெயும் தூசியும் பூசியிருந்தது. யாரோ கழுவிப் போடும் ஃபில்டரில் எண்ணெயை அள்ளித் தெளித்திருக்கிறார்கள். அழுக்குப் படிந்த சென்சார் காற்றைக் குறைத்துச் சொன்னது. புகை அதிகமாகிவிட்டது என்று நினைத்து கம்ப்யூட்டர் வால்வை முழுசா மூடியது. மூடியும் கணக்கு சரிவராததால் லைட்டைப் போட்டது. காற்று குறைவாக இருக்கிறதே, கரும்புகை வரக் கூடாதே என்று டீசலையும் குறைத்தது. அதனால்தான் இழுவை இல்லை. கம்ப்யூட்டர் தன் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. ஸ்கேனர் காட்டும் கோடு கண்ணால் பார்த்த சாட்சி இல்லை, கம்ப்யூட்டர் போட்ட ஊகம். அதை நான் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன்.

சென்சார் கழுவும் ஸ்ப்ரே ஒரு டின், பத்து நிமிஷம். 590 காட்டியது. 900 வெள்ளியை மூணு மாசத்தில் திருப்பிக் கொடுத்தேன். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

இப்போ தம்பியின் கேள்விக்கு வரேன். தகடு வைத்து அடைத்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கை வைத்தே சொல்லிவிடலாம். புது காற்று குறையவே குறையாது. கம்ப்யூட்டர் வால்வைத் திறக்கும், இன்னும் திறக்கும், பயன் இருக்காது, "ஓட்டம் போதவில்லை" என்று பி0401 போடும். அந்த லைட்டை அணைக்க சாஃப்ட்வேரில் கை வைப்பார்கள். வண்டி நல்லா ஓடுதுன்னு அண்ணன் சொன்னது பொய்யில்லை. இன்டேக்கில் கரி படியாது, கரும்புகைகூட குறையும். மோசமே அங்கேதான். கண்ணுக்குத் தெரிகிற புகை குறையும்போது கண்ணுக்குத் தெரியாதது கூடிக்கொண்டிருக்கும். ஸ்கூல் வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் வேனுக்குப் பின்னால் ஏறும் பிள்ளைக்கு எது கிடைக்கும் என்று யோசியுங்கள்.

இதைப் பெரிய கம்பெனியே செய்திருக்கிறது. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வோக்ஸ்வாகனைப் பிடித்தது. கார் சோதனைச் சாலையில் நிற்கிறதா, ரோட்டில் ஓடுகிறதா என்று சாஃப்ட்வேரே கண்டுபிடித்து, ரோட்டுக்கு வந்ததும் மாசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கிறது. சில கார்கள் ரோட்டில் அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு கக்கின. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த சாஃப்ட்வேர் இருந்ததாக அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரின் பின்னாலேயே கருவியைக் கட்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்ததில்தான் சந்தேகம் கிளம்பியது. அவர்கள் செய்ததும் அளந்து பார்த்ததுதான்.

வால்வில் கரி அடைத்தால் கழற்றிச் சுத்தம் பண்ணலாம், உண்மையிலேயே கெட்டுப்போனால் மாற்றத்தான் வேண்டும். கூலர் ஒழுகினால் கூலண்ட் குறையும், வெள்ளைப் புகை வரும், அதைத் தள்ளிப்போடாதீங்க. ஆனால் கழற்றும் முன்னால் அந்த மில்லிகிராம் கணக்கை ஒரு தரம் போடுங்க.

அக்கா வண்டியில் நான் கழற்றிய பழைய வால்வு இப்போது வகுப்பு மேசையில் இருக்கிறது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைக் கொடுத்தால் இன்னும் அழகாகத் திறந்து மூடுது. தம்பி தன் அண்ணனை வர்ற ஞாயிறு பிக்அப்போடு வரச் சொல்லியிருக்கான். தகட்டைக் கழற்ற ஸ்பானரை அவன் கையிலதான் கொடுக்கப் போறேன்.