அஞ்சறைப் பெட்டியின் சான்று

நுழையும்முன்

சுவைக்காகவும் நலத்திற்காகவும் தமிழர் இல்லங்களில் பேணப்பட்டு வருவது அஞ்சறைப் பெட்டி. சளி பிடித்தால் மிளகும், வயிறு பொருமினால் சீரகமும், காயம்பட்டால் மஞ்சளும் அதிலிருந்தே எடுக்கப்பட்டன. பெரும்பாலும் எழுதி வைக்கப்படாமல், கையிலிருந்து கைக்கு வந்த இவ்வறிவின் வலிமையையும் எல்லையையும் மஞ்சளின் வழியாக விளக்குகிறது இப்பாடம்.

பழக்கமும் காரணமும்

இருமலால் துன்புறுவோர்க்குப் பாலில் மஞ்சள்தூளும் மிளகுத்தூளும் இட்டுக் காய்ச்சித் தருவது நம் வழக்கம். மஞ்சளுக்கு நிறம் தரும் ‘குர்குமின்’ நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலில் கொழுப்பு உண்டு. மேலும், உண்ணும் குர்குமினில் மிகச் சிறு பகுதியே குருதியில் கலக்கும். மிளகின் காரத்திற்குக் காரணமான ‘பிப்பெரின்’ அவ்வளவை மிகுவிக்கும் என்பதை 1998ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது. வேதிப்பொருள்களின் பெயர்களை அறியாத முதியோர், பட்டறிவால் இச்சேர்க்கையைக் கண்டிருந்தனர்.

மஞ்சள்நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி நீர் சிவக்கிறது. காரத்தன்மையுள்ள பொருளோடு சேரும்போது குர்குமின் செந்நிறம் பெறுவதே அதற்குக் காரணம். வெள்ளைத் துணியில் படிந்த குழம்புக்கறை, சவர்க்காரம் பட்டவுடன் சிவப்பதும் இதனால்தான். அத்துணியை அலசி வெயிலில் உலர்த்தினால், ஒளியால் குர்குமின் சிதைந்து கறை மங்கும். இல்லத்தரசியரின் கொடிக்கயிறும் ஓர் ஆய்வுக்கூடமே.

அழகு பேணுவதிலும் இந்நுட்பம் உண்டு. சமையலுக்கு விரலி மஞ்சளைப் பயன்படுத்துவோர், முகத்திற்குக் கஸ்தூரி மஞ்சளைத் தேர்ந்தனர். பாசிப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர் ஆகியவற்றோடு அதனை அரைத்து நலங்குமாவு செய்தனர். பயற்றமாவு எண்ணெய்ப்பசையை அகற்ற, வேரும் கிழங்கும் மணம் தந்தன.

மன்றம் ஏறிய மஞ்சள்

1995ஆம் ஆண்டு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றது. புதிதாகக் கண்டறிந்த ஒன்றிற்கே காப்புரிமை உரியது. இந்தியத் தாய்மார் காலங்காலமாகச் செய்துவந்த ஒரு செயல், புதிய கண்டுபிடிப்பாகப் பதிவாயிற்று.

1996ஆம் ஆண்டு இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் இதனை எதிர்த்து முறையிட்டது. அக்கால அமெரிக்கச் சட்டப்படி, வேறு நாட்டில் ஒரு வழக்கம் வாய்மொழியாக நிலவுவது மட்டும் போதிய சான்றாகாது. அச்சிட்ட ஆவணம் வேண்டும். ஆகவே மன்றம் பழைய வடமொழி நூல்களையும், 1953ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளியான கட்டுரையையும் உள்ளடக்கிய 32 சான்றுகளை முன்வைத்தது. 1997ஆம் ஆண்டு அக்காப்புரிமை நீக்கப்பட்டது.

கோடிக்கணக்கானோர் அறிந்த உண்மையை நிலைநாட்ட, ஏட்டில் எழுதியிருந்த சில வரிகளே உதவின. எழுதப்படாதிருந்தால் அவ்வழக்கு என்னவாகியிருக்கும்? இவ்வினாவின் அழுத்தத்தால், 2001ஆம் ஆண்டு மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் முதலிய மருத்துவ நூல்களின் செய்முறைகள், காப்புரிமை அலுவலர்கள் படித்தறியும் வகையில் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், சப்பானியம், எசுப்பானியம் ஆகிய மொழிகளில் அதில் தரப்பட்டுள்ளன.

எல்லை அறிதல்

மரபறிவைப் போற்றுதல் என்பது ஆராயாமல் ஏற்பதன்று. மண்ணில் வாழும் இரணசன்னிக் கிருமி ஆழமான காயத்தின்வழி உடலில் புகக்கூடும்; அதனைத் தடுக்கத் தடுப்பூசியே வேண்டும். அங்கே மஞ்சளை அப்பிவிட்டுக் காத்திருப்பது உயிருக்கே கேடாகலாம். பச்சிளங்குழந்தையின் தொப்புள்கொடியில் மஞ்சளோ சாம்பலோ பூசாமல், அவ்விடத்தைத் தூய்மையாகவும் உலர்வாகவும் வைத்திருத்தல் வேண்டும். மஞ்சள்தூள் பளிச்சிடுவதற்காக ஈயக் குரோமேட்டு என்னும் நச்சுப்பொருளைக் கலப்போரும் உளர். ஆதலால் நிறத்தின் மிகுதியைத் தரத்தின் அடையாளமாகக் கொள்ளலாகாது.

பாட்டியின் சொல்லில் மெய் எது, பழகிப்போன பிழை எது எனப் பிரித்தறிவதற்கு முதலில் அச்சொல் நம்மிடம் இருத்தல் வேண்டும். எழுதப்படாத கைம்மருந்து, அதனை அறிந்தவரோடு மறைகிறது. மெய்யெனப் போற்றவும், பிழையெனத் திருத்தவும் பின்பு வழியில்லை. கேட்டதைக் குறித்து வைப்பதும், குறித்ததை ஆராய்வதும் அஞ்சறைப் பெட்டியை அடுத்துத் திறக்கவிருக்கும் தலைமுறையின் கடமைகளாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் இல்லத்து முதியோரிடம் கைம்மருந்து ஒன்றைக் கேட்டு, அதன் பொருள், அளவு, செய்முறை, பயன் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக.

2. அம்மருந்தை எந்நிலையில் பயன்படுத்தக்கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.