வயலைப் பார்க்கும் ட்ரோனும் ஒளி குறைக்கும் கண்ணாடியும்

மன்னார்த் தீவிலும் அதனையடுத்த பெருநிலத்திலும் ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தியை இன்று காணலாம். கலியாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் படமெடுப்பதற்கென வாங்கப்பட்ட கருவிகளே இவற்றுட் பல. அதே கருவியைக் கொண்டு கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள தம் வயலையும் பார்வையிடக் கமக்காரர் விரும்புவது இயல்பே. வரம்பில் நிற்பவருக்குப் புலப்படாத நடுவயலின் நிலையை வானிலிருந்து எடுத்த படம் சில நிமிடங்களிற் காட்டிவிடும். ஆயினும் கலியாண வீட்டுக்குப் பொருந்திய ஓர் உறுப்பு வயலுக்குப் பொருந்தாமற் போவதுண்டு. அது கமராவின் வில்லைக்கு முன்னே மாட்டப்படும் கருநிறக் கண்ணாடியாகும். 'என்.டி. பில்டர்' என்று கடைகளில் விற்கப்படும் இதனை, ஒளி குறைக்கும் கண்ணாடி என இங்கு வழங்குவோம்.

வானிலிருந்து நிலத்தைப் படமெடுத்து ஆராய்வது இந்நாட்டிற்குப் புதிதன்று. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியுடன் 1956 ஆம் ஆண்டில் இலங்கையின் நிலப்பரப்பு விமானத்திலிருந்து படமெடுக்கப்பட்டது. அன்று அரசாங்கமே செய்யக்கூடியதாயிருந்த வேலையின் ஒரு சிறு பகுதியை இன்று ஒரு கமக்காரரின் மகன் செய்துவிடலாம். ஆனால் எடுத்த படம் உண்மையைச் சொல்கிறதா என்பதை அவரே உறுதிசெய்தல் வேண்டும்.

கண்ணாடியின் வேலை

இக்கண்ணாடி நிறத்தை மாற்றாது ஒளியின் அளவை மாத்திரம் குறைப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் விளிம்பிலுள்ள எண், எத்தனையில் ஒரு பங்கு ஒளியை உள்ளே விடும் என்பதைக் காட்டும். என்.டி. 8 எட்டில் ஒரு பங்கையும், 16 பதினாறில் ஒரு பங்கையும், 64 அறுபத்து நான்கில் ஒரு பங்கையும் விடும்.

வீடியோ எடுப்போருக்கு இது ஏன் வேண்டியதாகின்றது? செக்கனுக்கு 25 படங்கள் வீதம் எடுக்கும்போது, ஒவ்வொரு படத்திற்கும் ஷட்டர் ஏறக்குறைய 1/50 செக்கன் திறந்திருந்தால் அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும். மன்னாரின் உச்சி வெயிலிலோ ஒளி மிகுதி. ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் 2.8 என்ற நிலையில் ஷட்டர் 1/3200 செக்கனே திறந்திருக்க இடமுண்டு. அப்போது வாய்க்கால் நீரும் அசையும் பயிரும் வெட்டி வெட்டி நகர்வனபோலத் தெரியும். சிறிய ட்ரோன்கள் பலவற்றில் துவாரத்தைச் சுருக்கவும் வழியில்லை. எனவே 64 ஆம் எண் கண்ணாடியை மாட்டினால் 1/3200 என்பது 1/50 ஆகிவிடும். மேகம் மூடிய நாளில் 8 அல்லது 16 போதும். கடைவாய்க்கால் வரை நீர் எவ்வாறு ஓடுகிறது என்பதை வீடியோவாக எடுத்துக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்திற் காட்ட விரும்புவோர் இக்கண்ணாடியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பயிரைச் சோதிக்கும் படத்திற்கு ஆகாது

நோயையும் பீடையையும் தேடி எடுக்கும் நிழற்படத்தில் நிலைமை முற்றாக மாறுகின்றது. ட்ரோன் செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். ஷட்டர் 1/50 செக்கன் திறந்திருப்பின், அந்நேரத்திற்குள் கமரா 10 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 1/1000 செக்கனாயின் அரைச் சென்ரிமீற்றரே நகரும். 30 மீற்றர் உயரத்தில் சாதாரண ட்ரோன் கமராவின் ஒரு புள்ளி நிலத்தில் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றரை அடக்கும். ஆகவே 10 சென்ரிமீற்றர் நகர்ந்த படத்தில் ஒரு நெற்பட்டத்தின் விபரம் பத்துப் புள்ளிகளில் இழுபட்டு மறைந்துபோகும். கடற்காற்றில் பயிரும் ஆடுவதால் மங்கல் இன்னும் கூடும். கமரா தானாகவே ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்திச் சமாளிக்குமாயின் படம் முழுவதும் மணல் தூவியதுபோலாகும்.

இதனினும் பெரிய கேடு நிறத்தில் உள்ளது. மலிவான கண்ணாடிகள் சில ஒளியைக் குறைப்பதோடு நில்லாது மஞ்சளோ செந்நிறமோ ஏற்றிவிடும். மணமகளின் சேலையில் அது ஒரு பொருட்டன்று. நெல்வயலில் அது பணத்தையே கரைத்துவிடும். முதல்நாள் கலியாண வீட்டில் மாட்டிய கண்ணாடியைக் கழற்றாமல் முருங்கன் பக்கத்து வயலொன்று படமெடுக்கப்படுகிறது எனக் கொள்வோம். பச்சைப் பயிர் படத்தில் வெளிறித் தோன்றும். தழைச்சத்துக் குறைவென எண்ணிக் கமக்காரர் யூரியா இடுவார். தேவைக்கு மிஞ்சிய தழைச்சத்து கபில நிறத் தத்தியின் பெருக்கத்திற்கு உதவும் என்பது அனுபவமுள்ளோர் அறிந்ததே. இல்லாத குறைக்கு உரமிட்டு, வராதிருந்த பீடையை அழைத்தவாறாகும்.

கண்ணாடியைச் சோதிக்கும் முறை எளிது. கமராவின் வெண்மைச் சமநிலையைத் தானியங்கு நிலையில் விடாது, பகலொளிக்குரிய 5500 என்ற அளவில் நிறுத்த வேண்டும். வெயிலில் ஒரு வெள்ளைத் தாளையும், அதன்மேல் நெல்லிலை நிற அட்டையையும் வைத்து, கண்ணாடியின்றி ஒரு படமும் கண்ணாடியுடன் ஒரு படமும் எடுத்து ஒப்பிடுக. தாள் வெண்மை மாறித் தெரிந்தால் அக்கண்ணாடி வயற்பக்கம் வரலாகாது. நல்ல கண்ணாடியாயினும் பயிர்ச் சோதனைக்கு அதைக் கழற்றிவிடுவதே நன்று.

படத்தில் மஞ்சள் திட்டுகள் உண்மையாகவே தெரிந்தாலும் உரப்பையை அவிழ்க்குமுன் அவ்விடத்திற்கு இறங்கிச் செல்ல வேண்டும். தழைச்சத்துக் குறைவெனின் முதிர்ந்த கீழிலைகளே முதலில் மஞ்சளாகும். உவரெனின் இலைநுனி வெளிறிக் காய்வதோடு மண்மேல் வெண்படலம் காணப்படலாம். கரையோர வயல்களில் இதனை முதலில் நினைக்க வேண்டும். தத்தியெனின் வட்ட வட்டமாகப் பயிர் காயும். புற்றை விலக்கி நீர்மட்டத்தையொட்டிய அடித்தண்டைத் தட்டிப் பார்த்தால் பூச்சிகள் நீரில் உதிரும். அவை அடித்தண்டில் வாழ்வன ஆதலால், எரிவு தோன்றுமுன் எந்தக் கமராவும் மேலிருந்து அவற்றைக் காட்டாது.

நீரின் மினுக்கம்

நீர் கட்டிய வயலின் மினுக்கத்தை ஒளி குறைக்கும் கண்ணாடி போக்கும் எனச் சிலர் நம்புகின்றனர். அது தவறு. மினுக்கமும் பயிரும் ஒரே விகிதத்தில் மங்குமேயன்றி மினுக்கம் அகலாது. மினுக்கத்தைக் குறைப்பது முனைவாக்கி எனப்படும் வேறொரு கண்ணாடி. அதுவும் குளத்தின் நீர்ப்பாசியைச் சாய்வாகப் பார்க்கும்போதே பயன்தரும். நேர்கீழாகப் பார்க்கும்போது பயனில்லை.

இதற்கு நேரத்தைத் தெரிந்தெடுப்பதே மருந்து. மன்னார் வட அகலக்கோடு 9 பாகையளவில் உள்ளதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் மாத இறுதியிலும் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். சிறுபோக வயலை அந்நாட்களில் நண்பகலிற் படமெடுத்தால் நடுவே வெள்ளைத் திட்டொன்றே கிடைக்கும். பனி உலர்ந்தபின் காலை 8.30 முதல் 9.30 வரை எடுத்தால் இத்தொல்லை இராது. மிளகாய், கத்தரித் தோட்டங்களில் நீர் தேங்காமையால் இவ்வளவு கவனம் வேண்டியதில்லை.

பறக்கவிடுமுன் இலங்கைச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்கு அமைய அனுமதி பெற்றிருத்தல் அவசியம். 2008 இல் சரணாலயமாகவும் 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட வங்காலைப் பகுதியை விலக்குக. பெரும்போகப் பயிர் வளரும் மாதங்களிலேயே வலசைப் பறவைகளும் அங்குத் தங்குகின்றன. தீவின் தென்கரைக் காற்றாலைகளின் அருகிலும் செல்லலாகாது.

கண்ணாடியை மாட்டுவதும் கழற்றுவதும் மின்சாரத்தைத் திறக்குமுன் செய்யப்பட வேண்டும். இயங்கும்போது திருகினால் கமராவைத் தாங்கும் சிறு மோட்டார் பழுதுறும். தீவின் மணலும் உப்புக் காற்றும் கண்ணாடியில் படிந்திருக்கும். அதை வேட்டித் தலைப்பால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதி அகற்றி, பின்னர் மெல்லிய பஞ்சுத்துணியைச் சிறிது நனைத்து ஒற்றியெடுக்க வேண்டும்.