மூன்று பை வரியும் ஓர் இருப்புப் பாதையும்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டபோது, வேதியியல் படிக்கும் நான் அணுவைப் பற்றியோ ஆர்செனிக்கைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். நான் எழுதப் போவதோ ஜில்லா போர்டைப் பற்றி. மாவட்ட நாட்டாண்மைக் கழகம் என்று தமிழில் அழகாகப் பெயரிட்டும், மக்கள் நாவில் கடைசிவரை ஜில்லா போர்டாகவே நின்றுவிட்ட அந்தப் பழைய அமைப்பைப் பற்றி. இதற்கும் உனக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். ஆர்செனிக்தான் தொடர்பு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

என் பாட்டனார் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். தாம் படித்த பள்ளியை இன்றும் 'போர்டு ஐஸ்கூல்' என்றே சொல்லுவார். சிறு வயதில், பலகையால் கட்டிய பள்ளி போலும் என்று நான் எண்ணியதுண்டு! ஜில்லா போர்டு நடத்திய உயர்நிலைப்பள்ளி என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். போர்டு மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பெயர் மட்டும் பாட்டனார் வாயில் வாழ்கிறது.

ஊராட்சி என்றவுடன் உத்தரமேரூரைத் தொடங்கிக் குடவோலையைப் பாடி முடிப்பது நம் மலர்களின் வழக்கம். அதனை நான் நீட்டப் போவதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகளில் ஒரு விதி மட்டும் என் நினைவில் நிற்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள் என்பதே அது. கணக்கு என்னும் அச்சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜில்லா போர்டு சோழர் விட்டுச்சென்றதன்று. வெள்ளையர் பணமுடையில் பிறந்த குழந்தை. 1870இல் மேயோ பிரபு மாகாணங்களுக்குச் சில செலவுகளைத் தள்ளிவிட்டார். சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் உள்ளூரிலேயே வரி திரட்டிக் கொள்ளுங்கள் என்பது அதன் உட்பொருள். சென்னை மாகாணத்தில் 1871ஆம் ஆண்டுச் சட்டம் தலநிதிக் குழுக்களை ஏற்படுத்திற்று. வங்காளத்தில் அதே ஆண்டில் சாலை வரிச் சட்டம் வந்தது. பின்னர், 1882 மே 18ஆம் நாள் ரிப்பன் பிரபு தம் புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். ஆட்சி திறமையாக நடப்பதற்காக மட்டுமன்று, மக்கள் அரசியல் பயில்வதற்காகவே தலஆட்சி வேண்டும் என்பது அவர் கருத்து. அதன் விளைவாகச் சென்னையில் 1884இலும் வங்காளத்தில் 1885இலும் சட்டங்கள் இயற்றப்பட்டு, மாவட்டந்தோறும் போர்டு எழுந்தது. இங்கிலாந்திலேயே கவுண்டி மன்றங்களுக்கான சட்டம் 1888இல்தான் வந்தது. அதுவரை அங்கே கிராமப்புறக் கவுண்டிகளை ஆண்டவர்கள் அமைதி நீதிபதிகள் என்னும் நிலக்கிழார்களே. ஆனால் நாம் முந்திக்கொண்டோம் என்று மார்தட்ட வழியில்லை. நம் போர்டுகளில் தலைமை நாற்காலியில் 1910களின் இறுதிவரை பெரும்பாலும் கலெக்டரே அமர்ந்திருந்தார். ரிப்பன் விரும்பிய பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே எல்லாத் தேர்வையும் எழுதினார் எனலாம்.

போர்டின் வேலை என்ன? சாலை போடுதல், சாலையோர மரம் வளர்த்தல், ஓடத்துறை, சந்தை, அம்மைப்பால் வைத்தல், மருத்துவசாலை, தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, சத்திரம். வருவாயில் பெரும்பகுதி நிலத்தின் மீது விதித்த தீர்வையிலிருந்து வந்தது. சாலைச் சுங்கமும் உண்டு. பட்டியல் இவ்வளவே. இவற்றுள் சுவையானது எதுவுமில்லை என்று தோன்றும். தஞ்சாவூர் ஜில்லா போர்டின் கதையைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

காவிரிக் கழிமுகத்தின் தென்பகுதி நெல் விளையும் பூமி. மழை நாளில் வண்டி அச்சு முறியும் சேறு. ஆற்றுக்கு ஆறு, வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம் வேண்டும். சாலைக்குச் சரளைக் கல்லோ அருகில் கிடையாது. இந்நிலையில் தஞ்சைப் போர்டார் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தனர். நாமே ஓர் இருப்புப் பாதை போட்டால் என்ன? அதற்கென வழக்கமான தீர்வைக்கு மேல் ரூபாய்க்கு மூன்று பை கூடுதலாக விதித்தனர்.

இன்றைய மாணவர்க்குப் பை என்றால் தெரியாது. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை. ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே ஒரு ரூபாய்க்கு 192 பை. மூன்று பை என்பது ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. நிலத்தின் மதிப்பு பதினாறு ரூபாய் என்று கணக்கில் இருந்தால், அந்த உழவர் ஆண்டுக்கு நாலணா கொடுத்தார். மிகச் சிறிது, ஆனால் மாவட்டம் பெரிது. நாலணா நாலணாவாகச் சேர்ந்த பணம் தண்டவாளமாயிற்று. 1894இல் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைவரை ஏறக்குறைய 54 மைல் பாதை திறக்கப்பட்டது. 1902இல் அது பட்டுக்கோட்டையை எட்டியது, 1903இல் அறந்தாங்கியை. ஏறக்குறைய நூறு மைல் இருப்புப் பாதைக்கு ஒரு ஜில்லா போர்டு உடைமையாளர்! வண்டியை ஓட்டியது தென்னிந்திய இரயில்வே கம்பெனி, பாதையோ போர்டுடையது. மற்ற மாவட்டங்களும் இதைப் பார்த்தே இருப்புப் பாதைக்கென வரி விதிக்கத் தொடங்கின.

இதில் நான் வியப்பது இஞ்சினை அன்று; வரி கொடுத்தவரை. வண்டி வருமுன்பே, தம் ஊர் வழியாக வருமா என்பதே உறுதியில்லாமல், அவர் மூன்று பை கொடுத்துக்கொண்டிருந்தார். கும்பகோணத்துக்காரர் கொடுத்த பையில் பட்டுக்கோட்டைக்காரர் வண்டி ஏறினார். அவர் மனமுவந்து கொடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன்; கலெக்டர் தலைவராய் இருந்த காலத்தில் மறுக்க வாய் ஏது? ஆயினும் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்பதை அவர் பேரன் தொட்டுப் பார்க்க முடிந்தது. அப்பாதை 1952இல் காரைக்குடிவரை இணைந்தது. அகலப் பாதையாக மாறி, காரைக்குடி – பட்டுக்கோட்டைப் பகுதி 2018லும் பட்டுக்கோட்டை – திருவாரூர்ப் பகுதி 2019லும் மீண்டும் திறக்கப்பட்டன.

நிற்க. வங்காளத்தில் வரி வேறு கதை சொல்கிறது. 1919ஆம் ஆண்டுக் கிராம சுயாட்சிச் சட்டப்படி ஊர்கள் சிலவற்றைச் சேர்த்து யூனியன் போர்டுகள் அமைக்கப்பட்டன. 1921இல் அவை மேதினிப்பூர் மாவட்டத்துக்கு வந்தன. பெயர் சுயாட்சி, ஆனால் திரட்டும் பணத்தில் பெரும்பங்கு ஊர்க்காவல் சௌகிதார்களின் சம்பளத்துக்கே போகும் என்பதை மக்கள் கண்டுகொண்டனர். வரி உயரும், பலன் வராது. காந்தி என்னும் கடற்கரை நகரத்துப் பாரிஸ்டர் வீரேந்திரநாத் சாஸ்மல் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். (அவ்வூர்ப் பெயருக்கும் மகாத்மாவுக்கும் தொடர்பில்லை, ஆங்கிலத்தில் கோண்டாய் என்பர்.) மக்கள் வரி கொடுக்க மறுத்தனர். அதிகாரிகள் பாத்திரம் பண்டங்களைப் பறிமுதல் செய்தனர்; ஏலத்தில் எடுக்க ஆளில்லை. அவ்வாண்டு இறுதியில் அரசு பணிந்தது. மாவட்டத்தில் ஏறக்குறைய எல்லா யூனியன் போர்டுகளும் திரும்பப் பெறப்பட்டன.

தஞ்சை உழவர் ஏமாளி, மேதினிப்பூர் உழவர் வீரர் என்று பிரிப்பது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இருவரும் கேட்ட கேள்வி ஒன்றே: எங்கள் பணத்தால் எங்களுக்கு என்ன? ஓரிடத்தில் விடை தண்டவாளமாகக் கிடந்தது. மற்றோரிடத்தில் விடையே இல்லை.

போர்டு எல்லாருக்கும் ஒன்றுபோல் நடந்ததோ என்றால், அதுவும் இல்லை. தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் போர்டின் மேற்பார்வைக்கு வந்திருந்தன. ஒரத்தநாடு, இராசாமடம் ஆகிய ஊர்களில் அவ்வருவாயில் மாணவர்க்கு உணவும் உறைவிடமும் வழங்கப்பட்டன. ஆனால் அந்தப் பந்தியில் பிராமண மாணவர்க்கு மட்டுமே இலை. 1920களில் போர்டுத் தலைவராக வந்த சர் ஏ. டி. பன்னீர்செல்வம் இதை மாற்றிப் பிற வகுப்பு மாணவர்க்கும் விடுதியைத் திறந்தார். திருவையாற்றில் வடமொழி மட்டுமே பயிற்றிய கல்லூரியில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கத் தலைவர் உமாமகேசுவரனார் இதில் அவருக்குத் துணை நின்றார். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டியிருக்கவில்லை. புது வரியும் வேண்டியிருக்கவில்லை. போர்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதுமானதாயிற்று. அதே நிலம், அதே நெல், அதே சமையற்கட்டு. இலை மட்டும் கூடிற்று. பன்னீர்செல்வம் 1940 மார்ச்சு முதல் நாள், இலண்டன் செல்லும் வழியில் ஓமான் கடற்பகுதியில் விமானத்தோடு மறைந்தார்.

விடுதலைக்குப் பின் இரு மாநிலங்களும் இரு வழியில் சென்றன. சென்னை மாநிலம் 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தால் ஜில்லா போர்டுகளைக் கலைத்து, ஊராட்சி ஒன்றியங்களை வலுப்படுத்தியது. மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் அறிவுரை கூறும் மன்றமே எஞ்சியது. போர்டுப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளாயின. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின், 1996இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட ஊராட்சி மீண்டும் வந்தது. அதற்கும் திட்டம் வகுக்கவும் அறிவுரை கூறவும் உள்ள உரிமையே மிகுதி; செலவழிக்கும் கை குறைவு. தேர்தலும் தவறாமல் நடப்பதில்லை. 2016இல் பதவிக்காலம் முடிந்தும் 2019 டிசம்பர்வரை தேர்தல் இல்லை. அத்தேர்தல் நடந்த 27 மாவட்டங்களிலும் 2025 சனவரியில் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். கலெக்டர் நாற்காலியை நினைத்துக்கொள்கிறேன்.

மேற்கு வங்காளமோ 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1978இல் மூன்றடுக்குத் தேர்தலை நடத்தியது. மேலடுக்கு ஜில்லா பரிஷத்; அதன் தலைவர் சபாதிபதி. பொதுநலம், பொதுப்பணி, வேளாண்மை, கல்வி என்று பத்து நிலைக்குழுக்கள் அதன் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. கணக்குகளை ஆராய்வதற்கென்று ஒரு மாவட்டக் கவுன்சிலும், அதற்கு எதிர்க்கட்சியைச் சேர்ந்த தலைவரும் சட்டத்தில் உண்டு. உத்தரமேரூர்க்காரர் கண்டால் மகிழ்ந்திருப்பார். நடைமுறையைக் கண்டபின் என்ன சொல்வாரோ! இங்கே கீழடுக்குவரை கட்சிச் சின்னம் புகுந்திருப்பதால், ஊரில் எந்தத் தெருவுக்குக் குழாய் என்பதும் கட்சிக் கேள்வியாகிவிடுகிறது. நாம் வாழும் கொல்கத்தா மாவட்டம் முழுதும் நகரமாதலால் இங்கே ஜில்லா பரிஷத்தே கிடையாது. ஆகவேதான் நம்மவர் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

எனக்குத் தெரிய வந்தது இப்படி. வங்கத்தின் நிலத்தடி நீரில் ஆர்செனிக் கலந்திருப்பது 1980களின் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டது. மால்தா, முர்சிதாபாத், நதியா, இரு 24 பர்கனாக்கள் முதலிய மாவட்டங்களில் அது மிகுதி. ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவு. ஆய்வுக்காக நீர் எடுக்கச் சென்ற வருடம் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். சியால்தாவிலிருந்து இரயிலில் இரண்டு மணி நேரம். ஒரு வீட்டு முற்றத்துக் குழாயில் சிவப்பு வண்ணம் பூசியிருந்தது. குடிக்கலாகாது என்பதன் அடையாளம். வீட்டுக்கார அம்மையார் அதே குழாயில்தான் சோற்றுக்கு நீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாசிமா, இது சிவப்புக் குழாய் ஆயிற்றே" என்றேன், என் தமிழ் மணக்கும் வங்காளியில்.

"தெரியும் அப்பா. பச்சைக் குழாய் எங்கே இருக்கிறது, சொல்" என்றார் அவர்.

புட்டியில் நீரை அடைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஆர்செனிக்கின் அளவை பில்லியனில் ஒரு பங்குவரை நான் சொல்லிவிடுவேன். ஆழ்குழாய்க் கிணறு எங்கே தோண்டுவது என்பதைச் சொல்ல என் கருவிகளால் ஆகாது. அதை முடிவு செய்யும் இடம் கிராம சம்சத்து என்னும் ஊர்க் கூட்டம். அங்கிருந்து பட்டியல் மேலே ஏறி, பஞ்சாயத்து சமிதி வழியாக ஜில்லா பரிஷத்துக்குப் போகிறது.

அக்கூட்டம் ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும். நவம்பரில் நான் மீண்டும் சென்றேன். பத்தில் ஒரு பங்கு வாக்காளர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வந்தவர்களோ அதற்குக் குறைவு. ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்த கூட்டத்துக்கு இருபதில் ஒரு பங்கு போதும். அடுத்த வாரம் அந்த எண்ணிக்கை தேறியது. மாசிமாவும் தம் தெருப் பெண்கள் ஐவரை அழைத்து வந்திருந்தார். கிணறு கிளப்புக்கு முன்னாலா, பள்ளிக்கு முன்னாலா என்று ஒரு மணி நேரம் வாதம். கிளப்புக்காரர் குரல் பெரிது. பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுந்து, எத்தனைப் பிள்ளைகள் மதிய உணவுக்கு அந்தச் சிவப்புக் குழாய் நீரையே நம்பியிருக்கிறார்கள் என்று எண்ணிச் சொன்னார். பிறகு கை தூக்கினர். பள்ளி என்று முடிவாயிற்று; குறிப்பேட்டில் அதனை எழுதி, வந்தவரிடம் கையொப்பம் வாங்கினர். நான் வெளியூரான், என் கையொப்பம் தேவைப்படவில்லை.

கிணறு இன்னும் தோண்டப்படவில்லை. பட்டியல் மேலே போயிருக்கிறது. மாசிமா தம் வாசலிலிருந்து பள்ளி வாயில்வரை நடந்து பார்த்துவிட்டார். இருநூற்றுப் பத்து அடி எடுத்து வைக்க வேண்டும், நிறைகுடத்தோடு என்றால் கொஞ்சம் கூடும் என்கிறார்.