டிரெஸ்டன் அரசவை இசைக்குழு

செருமனி நாட்டின் கிழக்குப் பகுதியில் எல்பே என்னும் ஆறு பாய்கின்றது. அதன் கரையிலுள்ள டிரெஸ்டன் நகரம் சாக்சனியை ஆண்டவர்களின் தலைநகரமாக விளங்கியது. பல இசைக்கருவிகள் ஒருங்கே முழங்குவதைப் பல்லியம் என்று நம் முன்னோர் வழங்கினர். அத்தகைய இசைக்குழுவொன்றை 1548ஆம் ஆண்டில் மோரிட்சு என்னும் கோமகன் டிரெஸ்டன் அரண்மனையில் அமைத்தார். யோகான் வால்டர் என்பார் அதன் முதல் தலைவரானார். தொடக்கத்தில் குழுவில் பாடகரே மிகுதி. வழிபாட்டிற் பாடுவதே அவர்தம் முதற்கடமை. கருவி இசைப்போர் பின்னரே பெருகினர்.

அரண்மனையிற் பாடுவோர்க்கு என்ன குறை இருத்தல் கூடும் என்று நாம் எண்ணலாம். அவர்கள் பட்ட பாட்டை அறிந்தால் அவ்வாறு எண்ண மாட்டோம்.

ஹைன்ரிக் ஷூட்ஸ் என்னும் இசைப் புலவர் இளமையில் இத்தாலியிலுள்ள வெனிசு நகரம் சென்று, காப்ரியேலி என்னும் பேராசிரியரிடம் பயின்றவர். அவர் 1615ஆம் ஆண்டில் டிரெஸ்டன் அரசவைக்கு வந்தார். 1619ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இசைப்பாக்கள், பல பாடற்குழுக்களும் கருவிகளும் எதிரெதிர் நின்று முழங்குமாறு அமைந்தவை. அக்காலத்தில் அவருக்கு ஆளும் பொருளும் குறைவின்றிக் கிடைத்தன.

அந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1618ஆம் ஆண்டில் மூண்ட முப்பது ஆண்டுப் போர் சாக்சனியையும் சூழ்ந்தது. கருவூலம் வறண்டது. இசைவாணர்க்குரிய ஊதியம் மாதக்கணக்கில் நின்றது. சிலர் வேற்றூர் சென்றனர், சிலர் மாண்டனர். இருந்த சிலரைக் கொண்டு பெரும்பாடல்களை இசைக்க இயலுமா? இயலாது. ஆகவே ஷூட்ஸ் தம் புலமையைக் காலத்துக்கேற்பச் சுருக்கிக்கொண்டார். ஒருவர் முதல் ஐவர் வரை பாடத்தக்க சிறு பாடல்களை, ஓர் ஆர்கனின் துணையோடு இசைக்குமாறு அமைத்து, 1636, 1639 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். வறுமை பெற்றெடுத்த அப்பாடல்களை இசையறிந்தோர் இன்றும் விரும்பிப் பாடுகின்றனர்.

1648ஆம் ஆண்டில் போர் முடிந்தது; குழுவினரின் துன்பமோ முடியவில்லை. அரசவைப் பாடகருள் ஒருவர் படுக்கையின்றி வைக்கோலிற் கிடப்பதையும், மேலாடையை அடகு வைத்து வாழ்வதையும் ஷூட்ஸ் கண்டார். நெஞ்சு பொறுக்காது அரண்மனை அலுவலருக்கு எழுதினார். தம் கைப்பொருளையும் கொடுத்து உதவினார். 1651ஆம் ஆண்டில், தமக்கு அறுபத்தைந்து வயதான நிலையில், ஓய்வளிக்குமாறு கோமகனை வேண்டினார். அவ்வேண்டுகோளும் பல்லாண்டுகள் கிடப்பிற் கிடந்தது. அக்கோமகன் 1656ஆம் ஆண்டில் மறைந்த பின்னரே முதியவரின் சுமை குறைந்தது.

அடுத்த நூற்றாண்டில் காலம் மாறியது. சாக்சனிக் கோமகன் 1697ஆம் ஆண்டில் போலந்து நாட்டுக்கும் மன்னரானார். அவர் காலத்திலும் அவர் மகன் காலத்திலும் குழு செழித்தது. பிசெண்டல் என்னும் வயலின் வல்லுநர் குழுவை முன்னின்று நடத்தினார். ஒவ்வொருவரும் வில்லை எங்கே மேலே இழுக்க வேண்டும், எங்கே கீழே இழுக்க வேண்டும் என்று, அவரவர் ஏட்டில் அவரே குறித்து வைப்பாராம். இன்று எல்லா இசைக்குழுவினரும் அதனைச் செய்கின்றனர். அன்று அது பெரும் புதுமை.

அதே சாக்சனியின் லைப்சிக் நகரில் வாழ்ந்தவர் இசைமேதை பாக். அவர் 1730ஆம் ஆண்டில் தம் நகர மன்றத்தார்க்கு எழுதிய முறையீட்டில் டிரெஸ்டனைச் சான்று காட்டினார். அங்கே மன்னர் ஊதியம் தருகின்றார். உணவுக் கவலையின்றி ஒவ்வொருவரும் ஒரே கருவியிற் பயில்கின்றனர். ஆதலின் சிறப்படைகின்றனர் என்பது அவர் வாதம். லைப்சிக் மன்றத்தார் அதற்குச் செவிசாய்த்ததாகத் தெரியவில்லை!

1760ஆம் ஆண்டில் பிரசியப் படை டிரெஸ்டனைக் குண்டுமாரியால் தாக்கியது. அவை இசைத்தலைவர் ஹாசெயின் கையெழுத்து ஏடுகள் பல அத்தீயில் அழிந்தன. வேபர் 1817ஆம் ஆண்டிலும், வாக்னர் 1843ஆம் ஆண்டிலும் தலைமைப் பொறுப்பேற்றனர். வாக்னர் 1846ஆம் ஆண்டில் குழுவினரின் ஊதியத்தையும் இருக்கை அமைப்பையும் திருத்துமாறு நெடியதோர் அறிக்கை எழுதினார். அரண்மனை அதனை ஏற்கவில்லை. ஷூட்ஸ் எழுதிய மடல்களை நினைவூட்டும் அறிக்கை அது. இடைப்பட்ட காலமோ ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள்.

1918ஆம் ஆண்டில் சாக்சனி மன்னர் முடி துறந்தார். அரசவை மறைந்தும் இசைக்குழு மறையவில்லை. மக்களாட்சியின் பொறுப்பில் இசைபயின்று வந்தது. 1945ஆம் ஆண்டு பிப்பிரவரி 13ஆம் நாள் இரவு, வான்படைகள் பொழிந்த குண்டுகளால் நகரம் எரிந்தது. அவர்கள் இசைத்த நாடக அரங்கமும் பாழாயிற்று. குழுவினர் வேறிடங்களில் இசைத்தனர். சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து, 1985ஆம் ஆண்டு அதே பிப்பிரவரி 13ஆம் நாளில், மீண்டும் எழுப்பிய அரங்கில் வேபரின் இசைநாடகம் ஒலித்தது.

எரிந்த நகரின் நினைவாக ஆண்டுதோறும் அந்நாளையொட்டி அக்குழு இரங்கலிசை இசைக்கின்றது. இசை முடிந்ததும் எவரும் கைதட்டுவதில்லை. கேட்டோர் எழுந்து, சிறிது நேரம் வாய்பேசாது நின்று, பின் கலைந்து செல்கின்றனர்.