பறைக்கு ஏறும், தந்திக்கு இறங்கும்

கரையாம்புத்தூரிலும் அதனைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், பறை முழக்குவோர் வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் பறையின் முகத்தைக் காட்டி எடுப்பதையும், சற்றுமுன் மந்தமாக ஒலித்த தோல் கணீரென்று எழுவதையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு, வெம்மை பட்டால் எந்த வாத்தியத்துக்கும் சுருதி ஏறும் என்ற நம்பிக்கை உண்டாவது இயற்கையே. தோல் வாத்தியத்தைப் பொறுத்தவரையில் அது மெய்யுங்கூட. அனல் பட்டதும் தோலில் ஊறியிருந்த ஈரம் நீங்குகிறது, தோல் சுருங்கி விறைக்கிறது. அதே நியாயத்தை வீணைக்கும் தம்புராவுக்கும் பொருத்துவதுதான் பிழை.

உலோகத் தந்தியின் தர்மம் வேறு. சூடேறினால் எஃகும் பித்தளையும் நீள்கின்றன; மரமோ நீளவாக்கில் அவ்வளவு விரிவதில்லை; ஆகவே தந்தி தளர்ந்து சுருதி இறங்குகிறது. கண்ணுக்கே புலப்படாத இந்த நீட்சி காதுக்கு எவ்வாறு புலப்படுகிறது என்று வினவலாம். சுருதியில் நிற்கும் எஃகுத் தந்தி, பிருடையின் முறுக்கால் தன் நீளத்தில் மிகச் சிறிய பங்கே இழுபட்டிருக்கிறது. அந்தச் சிறு இழுப்பிலிருந்து அணுவளவு குறைந்தாலும் விறைப்பு கணிசமாகக் குறைந்துவிடுகிறது. மேலும் எஃகும் பித்தளையும் ஒரே அளவில் விரிவதில்லையாதலால், மார்கழி விடியலில் செம்மையாகச் சேர்த்த தம்புராவில், பொழுதேறியபின் பித்தளை மந்தரமும் எஃகுச் சாரணியும் ஒன்றோடொன்று பிணங்கத் தொடங்குகின்றன. மரத்தின்மீது பழி போடுவோர் இதைக் கவனிப்பதில்லை.

பலாமரமும் பெரிய குடமுமே சுருதியைத் தீர்மானிக்கின்றன என்பது மற்றொரு நம்பிக்கை. அவை நாதத்தின் குணத்தையும் கனத்தையும் தருவன. சுருதியைத் தருவனவோ தந்தியின் நீளமும், விறைப்பும், எடையுமே. 1636-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் வகுத்த விதி இது. வீணையில் பன்னிரண்டாம் மெட்டு ஏறக்குறைய தந்தியின் நடுவில் அமைந்திருப்பதும், அங்கே அழுத்தினால் ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பதும் இதனாலேதான். நீளத்தைக் குறைக்காமல் விறைப்பால் மட்டும் அந்த உயரத்தை எட்ட வேண்டுமாயின் நான்கு மடங்கு இழுவிசை வேண்டும். எந்தத் தந்தி அதைத் தாங்கும்!

தம்புராவின் குதிரைமேல் தந்திக்கடியில் செருகும் ஜீவா என்னும் நூலிழைதான் சுருதி சேர்க்கிறது என்று எண்ணுவோரும் உண்டு. சுருதி சேர்ப்பவை பிருடையும், குதிரைக்கு அப்பாலுள்ள மணிகளும். ஜீவாவின் பணி அதனினும் நுட்பமானது; மேற்சுரங்களை முழங்கச் செய்வது அது. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அவ்விடத்தில் அசையாப் புள்ளியை உடைய மேற்சுரங்கள் எழமாட்டா என்பது மேனாட்டு ஒலிநூலார் கொண்டிருந்த சித்தாந்தம். தம்புராவில் அவை அடங்காமல் முழங்குவதைக் கல்கத்தாவில் ஆராய்ந்த சர் சி. வி. ராமன், 1921-இல் வெளியான தம் கட்டுரையில், வளைந்த குதிரையின் பரப்பில் தந்தி பட்டுப் பட்டு அதிர்வதே காரணம் என்று விளக்கினார். நம் முன்னோர் செவியாலேயே கண்டு, பருத்தி நூல் ஒன்றைச் செருகி நிலைநிறுத்திய அருங்கலை அது.